காலிழந்த வீரனும் காவிரிக்கரை வரப்பும்

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில் கோவில்வெண்ணி என்று ஓர் ஊர் வரும். சின்ன ரயில்வே ஸ்டேஷன், சுற்றிலும் வயல். அவ்வளவுதான். ஆனால் சங்ககாலத்தில் இந்த வெண்ணியில்தான் கரிகால் சோழன் சேரனையும் பாண்டியனையும் பதினொரு வேளிரையும் ஒரே போரில் தோற்கடித்தான். சேரன் பெருஞ்சேரலாதன் மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியாக ஊடுருவிவிட்டது. முதுகில் புண்பட்டால் புறமுதுகு காட்டி ஓடியவன் என்று பெயர் வந்துவிடும். அந்த வெட்கம் தாங்காமல், அவன் கையில் வாளோடு வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் இருந்து உயிரை விட்டான். வெண்ணிக் குயத்தியார் என்ற உள்ளூர்ப் பெண்புலவர் கரிகாலனையே பார்த்து, ஜெயித்த உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டுவிட்டார். சோழனின் ஊரில், சோழனின் முகத்துக்கு நேராக!

இந்தக் கதையைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். வீரம், மானம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் இன்னொரு கோணத்தில் பாருங்கள். போரில் காயம்பட்டு, உயிரோடு மிஞ்சிய ஒரு மனிதன் ஊர் திரும்பவில்லை. திரும்பி எப்படி வாழ்வது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. காயம் மார்பிலா முதுகிலா என்பதுதான் கேள்வி.

இதே காவிரிக்கரையில் பிறகு வந்த விஜயாலய சோழனைப் பாருங்கள். தஞ்சாவூரைப் பிடித்து சோழப் பேரரசுக்கு அடி போட்டவன். அவன் உடம்பில் 96 தழும்புகள் இருந்ததாக 12ஆம் நூற்றாண்டு அரசவைப் புலவர் ஒட்டக்கூத்தர் பெருமையோடு கணக்குச் சொல்கிறார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பியத்தில், கி.பி. 880 வாக்கில் பல்லவர்களுக்கும் பாண்டியர்களுக்கும் நடந்த போரில் சோழர்கள் பல்லவர் பக்கம் நின்றார்கள். அந்தப் போரில், இரண்டு கால்களும் செயலிழந்த கிழ விஜயாலயன் வீரர்களின் தோளில் ஏறிக்கொண்டு வந்து வாள் வீசினான் என்று ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் கல்கி எழுதினார். படித்தவர் யாருக்கும் அந்தக் காட்சி மறக்காது. கல்வெட்டில் இப்படி ஒரு காட்சி கிடையாது, நாவலாசிரியர் கைவண்ணம்தான். ஆனாலும் கல்கியே பெரிய பழுவேட்டரையருக்கு 64 விழுப்புண்கள் என்று எண்ணிச் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். புண்ணை எண்ணுவது நம்மிடம் அவ்வளவு பழைய பழக்கம்.

எண்ணியது போக என்ன செய்தோம்? போரில் செத்தவனுக்குச் செய்தோம், அதில் சந்தேகமில்லை. நடுகல் நட்டோம். அவன் குடும்பத்துக்கு வரியில்லாத நிலம் கொடுத்தோம். அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். ரத்தத்துக்குக் கொடுத்த நிலம். செத்தவனுக்குக் கல், அவன் பிள்ளைக்கு நிலம் என்று தெளிவான கணக்கு இருந்திருக்கிறது. கால் போய், கை போய், உயிரோடு திரும்பி வந்தவனுக்கு அப்படிப் பளிச்சென்று நினைவுக்கு வருகிற ஒரு சொல் தமிழில் இல்லை. தழும்புக்குப் பாட்டு உண்டு. தழும்போடு வாழ்கிறவனுக்கு?

சரி, ஆயிரம் ஆண்டு தாண்டி வருவோம்.

1758ல் தொடங்கிய மதராஸ் ரெஜிமெண்ட் இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைகளில் ஒன்று. ஆனால் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘போர்க்குல’க் கொள்கை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சாபி, கூர்க்கா, பட்டாணியர் எல்லாம் பிறவி வீரர்கள், தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அந்தக் கொள்கை. (ராஜேந்திர சோழன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.) முதல் உலகப்போருக்குப் பிறகு மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் அதே மதராஸ் ரெஜிமெண்டை மறுபடியும் திரட்டினார்கள். அந்தப் போரில் இந்திய ராணுவம் ஏறத்தாழ 25 லட்சம் பேராக வளர்ந்தது. கட்டாயம் இல்லாமல் ஆள் சேர்த்த படைகளில் உலகத்திலேயே அதுதான் பெரியது. சுமார் 87,000 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 60,000க்கும் மேல்.

அந்த 60,000 பேரில் ஒருவன் ஒரு காலை இழந்துவிட்டு டெல்டாவுக்குத் திரும்பி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பஸ் போகாத ஊர். வாய்க்காலைத் தாண்டி வரப்பில் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். வரப்பு ஓர் அடி அகலம்கூட இருக்காது, மழைக்காலத்தில் வழுக்கும். வயலில் இறங்கினால் முழங்கால் வரைக்கும் சேறு. உழவு, அண்டை வெட்டுவது, நாற்றுக்கட்டு தூக்குவது, அறுத்த கட்டைத் தலையில் வைத்துக் களத்துக்குக் கொண்டுபோவது என்று இங்கே ஆண்கள் செய்கிற எல்லா வேலைக்கும் இரண்டு கால் வேண்டும். வீட்டிலோ தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு, பாயில்தான் படுக்கை, கொல்லைக்குப் போனால் குத்தவைக்க வேண்டும். சொந்த நிலம் உள்ளவன் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வான். குத்தகைக்காரன்? பண்ணையாள்? பண்ணையாளையும் குத்தகைதாரரையும் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றக் கூடாது என்று தஞ்சாவூருக்கென்றே தனிச்சட்டம் வந்தது 1952ல்தான். போர் முடிந்தது 1945ல்.

கால் போன ராணுவ வீரர்களுக்காக 1944ல் புனேயில் செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தக் காலத்துச் செயற்கைக் கால்கள் மேல்நாட்டு முறையில் செய்யப்பட்டவை. நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸ் போட்டு, சிமெண்ட் தரையில் நடப்பவனுக்காக யோசித்த கால். சப்பணம் போட முடியாது, குத்தவைக்க முடியாது, தண்ணீரில் நனையக் கூடாது. அதை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினால் காலைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். 1968ல் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற டாக்டரும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், குத்தவைக்கலாம், ஈரத்தில் இறங்கலாம். ‘ஜெய்ப்பூர் கால்’ என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கியது அதுதான். சேத்திக்கு 1981ல் மகசேசே விருது கிடைத்தது. உலகப்போர் முடிந்து 23 ஆண்டுகள் கழித்துத்தான் ஒருவர் இந்திய விவசாயி எப்படி உட்காருவான், எங்கே நடப்பான் என்று யோசித்திருக்கிறார் என்பது கொஞ்சம் வருத்தமான கணக்கு.

இனி சினிமா. இந்த ‘திரும்பி வந்தவன்’ விஷயத்தை உலகத்திலேயே மிக நேர்மையாகச் சொன்ன படம் எது என்றால் பலரும் 1946ல் அமெரிக்காவில் வந்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தைத்தான் சொல்வார்கள். வில்லியம் வைலர் இயக்கியது. போர் முடிந்து மூன்று பேர் ஒரே ஊருக்குத் திரும்புகிறார்கள். ஒருவர் பாங்க் அதிகாரி, ஒருவன் குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவன், மூன்றாவது ஹோமர் என்ற கப்பற்படைச் சிப்பாய். ஹோமருக்கு இரண்டு கையும் இல்லை. கைக்குப் பதில் இரும்புக் கொக்கிகள்.

ஹோமராக நடித்த ஹரோல்ட் ரஸ்ஸல் நடிகரே அல்ல. நிஜமாகவே இரண்டு கையும் இழந்த சிப்பாய். 1944 ஜூன் 6 அன்று, அதாவது நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய அதே நாளில், அமெரிக்காவில் ஒரு பயிற்சி முகாமில் வெடிமருந்து கையிலேயே வெடித்துவிட்டது. சண்டைக்களத்தையே பார்க்காமல் கை போனது. ராணுவம் எடுத்த ஒரு சின்னப் படத்தில் அவரைப் பார்த்துவிட்டு வைலர் கூப்பிட்டார். வைலரும் போர்க்காலத்தில் விமானத்தில் பறந்து படமெடுக்கப் போய் ஒரு காதின் கேட்கும் சக்தியை இழந்தவர். அதனால்தானோ என்னவோ, படத்தில் ஒரு இடத்தில்கூட பரிதாபத்தைப் பிழிந்தெடுக்கவில்லை.

ஹோமர் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறான். நண்பர்களுக்குக் கையை ஆட்டி விடை கொடுக்கிறான். கொக்கியைப் பார்த்ததும் அம்மா தன்னையறியாமல் விம்மிவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. இன்னொரு காட்சியில், தன்னைக் கட்டிக்கொள்ள நினைக்கும் வில்மாவைத் தன் அறைக்கு அழைத்துப்போய், ராத்திரி கொக்கிகளைக் கழற்றினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறான். கழற்றிவிட்டால் தானாக மாட்டிக்கொள்ள முடியாது. கதவு சாத்திக்கொண்டால் திறக்க முடியாது, யாரையாவது கூப்பிட வேண்டும். அவன் அதைச் சாதாரணக் குரலில் சொல்கிறான். வசனம் பேசி அழுதிருந்தால் இப்படி மனசைப் பிசைந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு, டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டியது. பாங்க் அதிகாரியிடம் ஒரு முன்னாள் வீரன் பண்ணை வாங்கக் கடன் கேட்டு வருகிறான். 40 ஏக்கர். ஈடு கொடுக்க எதுவும் இல்லை. கொடுப்பதா வேண்டாமா? அதிகாரி கொடுத்துவிடுகிறார், மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. போர்ப்படத்தில் கடன் விண்ணப்பத்துக்கு ஒரு காட்சி! வீரனுக்குப் பாராட்டு மட்டும் போதாது, பிழைப்பு வேண்டும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. படம் 7 ஆஸ்கார் வாங்கியது. ரஸ்ஸலுக்கு எப்படியும் நடிகர் விருது கிடைக்காது என்று நினைத்து, சக வீரர்களுக்கு நம்பிக்கை கொடுத்ததற்காக ஒரு சிறப்பு ஆஸ்காரை ஒதுக்கி வைத்தார்கள். கடைசியில் சிறந்த துணை நடிகர் விருதும் அவருக்கே போனது. ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கார் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். அதில் ஒன்றை 1992ல் மனைவியின் மருத்துவச் செலவுக்காக 60,500 டாலருக்கு ஏலத்தில் விற்றுவிட்டார்.

தமிழில்? இந்தக் கருவைத் தொட்ட இரண்டு முக்கியமான படங்கள் உண்டு. இரண்டும் ஏவிஎம் படங்கள். இரண்டிலும் காவிரிக்கரை வாசனை இருக்கிறது என்பது இன்னும் சுவாரஸ்யம்.

முதலாவது 1962 பொங்கலுக்கு வந்த ‘பார்த்தால் பசி தீரும்’. ஏ.பீம்சிங் இயக்கம், ஏ.சி.திருலோகசந்தர் கதை. இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் இருக்கும் நண்பர்கள் பாலுவும் வேலுவும். வேலு (ஜெமினி) காட்டுப் பகுதியில் இந்திராவை (சாவித்திரி) மணந்து, அவள் குண்டுவீச்சில் இறந்துவிட்டாள் என்று நம்பி ஊர் திரும்பி வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பாலு (சிவாஜி) காலில் அடிபட்டு, விந்தி விந்தி நடப்பவனாகத் திரும்புகிறான். பார்வை போன இந்திராவையும் அவள் குழந்தையையும் தன் பொறுப்பில் வைத்துக் காப்பாற்றுகிறான். இரண்டு மனைவிகளின் இரண்டு பிள்ளைகளாகவும் குட்டி கமல்ஹாசன் நடித்திருப்பார். தஞ்சாவூர் பக்கம் சூரக்கோட்டை பண்ணையைச் சொந்த மண்ணாக நினைத்த சிவாஜி, அந்த நடையைப் படம் முழுக்க ஒரு காட்சியில்கூட மறக்காமல் நடந்திருப்பார். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதைக்கு அந்தக் கால் மேல் பெரிய அக்கறை கிடையாது. பாலு எவ்வளவு தியாகி என்பதற்கு அது ஓர் அடையாளம். விஜயாலயனின் 96 தழும்பு மாதிரிதான். அழுவதற்கு அடுத்தவர் குடும்பத்துப் பிரச்சினை இருக்கிறது, அவன் பிரச்சினை பின்னால் போய்விடுகிறது.

இரண்டாவது, 1966ல் வந்த ‘மேஜர் சந்திரகாந்த்’. எழுதி இயக்கிய கே.பாலசந்தர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் நன்னிலம் தாலுகா நல்லமாங்குடியில் 1930ல் பிறந்தவர். கொஞ்ச நாள் முத்துப்பேட்டையில் வாத்தியார். பிறகு சென்னையில் ஏ.ஜி.ஆபீஸ் குமாஸ்தா. ஆபீஸ் நேரம் போக நாடகம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது இந்தக் கதை. முதலில் ஆங்கிலத்தில் நாடகமாகப் போட்டார், நல்ல வரவேற்பு கிடைத்ததும் தமிழில். தமிழ்ப் படம் வருவதற்கு முந்தைய ஆண்டே இந்தியில் ‘ஊஞ்சே லோக்’ என்ற பெயரில் அசோக்குமார் நடித்துப் படமாகிவிட்டது. நன்னிலத்துக்காரர் எழுதிய கிழட்டு மேஜர் பம்பாய்க்குப் போய்விட்டுத்தான் கோடம்பாக்கம் வந்தார்!

அந்தக் காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1962ல் சீனப் போர், 1965ல் பாகிஸ்தான் போர். ‘ஜெய் ஜவான், ஜெய் கிசான்’ என்று லால்பகதூர் சாஸ்திரி சொன்னது 1965ல். அரிசித் தட்டுப்பாடும் அப்போதுதான். தஞ்சை வயல்களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்த ஆண்டுகள். ஜவான் ஒரு சுவரொட்டி, கிசான் ஒரு சுவரொட்டி. கிசான் வீட்டுப் பையன்தான் ஜவானாகப் போகிறான், அடிபட்டால் அந்த வீட்டுக்கேதான் திரும்பி வருகிறான் என்பதைச் சுவரொட்டியில் எழுத இடமில்லை.

பாலசந்தரின் மேஜர் ஓய்வுபெற்றவர், பார்வை இல்லாதவர். படத்தில் போர்க்களம் வராது. ஊர் திரும்பும் காட்சியும் வராது. அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தப் படம் எடுத்துக்கொண்டது பிற்பாடு என்ன என்பதை, அதாவது வருஷக்கணக்கில் இருட்டோடு வாழப் பழகிவிட்ட ஒருவரின் வீட்டை. அந்த வீட்டுக்குள் அவர் யாருக்கும் பாரம் இல்லை. ஒழுங்கு அவருடையது, அதிகாரம் அவருடையது. ஒரு மகன் ஸ்ரீகாந்த் போலீஸ் அதிகாரி (முத்துராமன், அவரும் தஞ்சாவூர் பக்கத்துக்காரர்). இன்னொரு மகன் ரஜினிகாந்த் (ஏவிஎம்.ராஜன்), ஒரு பெண்ணை ஏமாற்றிவிடுகிறான். அந்தப் பெண்ணாக ஜெயலலிதா. அவள் தற்கொலை செய்துகொள்ள, தையல்காரனான அவள் அண்ணன் (நாகேஷ்) ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு, தப்பித்து ஓடிவந்து ஒரு வீட்டில் நுழைகிறான். அது மேஜர் வீடு. செத்தவன் தன் மகன் என்று மேஜருக்குத் தெரியாது, இவர் அவன் அப்பா என்று நாகேஷுக்குத் தெரியாது. அதற்கு மேல் கதை சொல்வது பார்க்காதவர்களுக்குச் செய்யும் துரோகம்.

(இன்னொரு தகவல். 1975ல் சிவாஜிராவ் கெய்க்வாட் என்ற புதுமுகத்துக்கு பாலசந்தர் வைத்த ரஜினிகாந்த் என்ற பெயர் இந்த மேஜருடைய மகன் பெயர்தான். அந்த வேடத்தில் நாடகத்திலும் படத்திலும் நடித்த சுந்தரராஜன் கடைசிவரை ‘மேஜர்’ சுந்தரராஜன்.)

மேஜரின் கண்ணைப் படம் தியாக முத்திரையாகக் காட்டவில்லை, அழ வைக்கவும் பயன்படுத்தவில்லை. கண் தெரியாதவர் என்பதால் அவருடைய நேர்மைக்குச் சலுகை எதுவும் கிடைக்காது. ஒரு முழு மனிதனுக்கு வருகிற தர்மசங்கடம் அவருக்கு வருகிறது, முழு மனிதனாகவே அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. விழுப்புண்ணை எண்ணிப் பழகிய மண்ணிலிருந்து வந்த ஒருவர் புண்ணை எண்ணாமல் ஆளைப் பார்த்திருக்கிறார். அந்த வகையில் ஹோமருக்குப் பக்கத்தில் உட்கார இந்த மேஜருக்குத் தகுதி உண்டு.

குறை என்றால், அவர் மேஜர். அதிகாரி. மாடி வீடு, நாற்காலி, பட்டணத்துத் தெரு. சிப்பாயாகப் போய், சிப்பாயாகவே அடிபட்டு, வரப்பில் நடந்து வீடு திரும்ப வேண்டியவனுக்கு மட்டும் இப்படியொரு படம் தமிழில் அமையவில்லை. 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றியது. தியேட்டரே அழுதது, அழ வேண்டிய கதைதான். ஆனால் அது 2014ல் உயிர்துறந்த வீரரின் கதை, ஒரு நடுகல். நமக்கு நன்றாகக் கைவந்த கலை அது.

ஊனமுற்று வீடு திரும்பும் வீரனுக்கு இன்று ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊனத்துக்கான ஓய்வூதியம் உண்டு. ஆனால் அந்த ஊனம் ராணுவப் பணியால் வந்ததா, பணியால் கூடியதா, எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். அந்தச் சதவீதத்துக்காக வருஷக்கணக்கில் வழக்கு நடத்தியவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, தஞ்சாவூரிலும். பள்ளிக்கூடத்தில் டிசம்பர் 7 அன்று சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னக் கொடி கொடுத்துக் காசு வாங்குவார்களே, ஞாபகம் இருக்கிறதா? 1949லிருந்து நடக்கும் கொடிநாள் அது. அந்தக் காசு போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் போகிறது. வகுப்பில் பாதிப் பேர் அதை மதியத்துக்குள் தொலைத்துவிடுவோம்.

அமரன் வந்த அதே 2024ல் இந்தியில் ‘சந்து சாம்பியன்’ என்று ஒரு படம் வந்தது. 1965 போரில் முதுகெலும்பில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர் என்ற சாதாரண ராணுவத் தொழில்நுட்ப வீரரின் கதை. மகாராஷ்டிரத்துக் கிராமத்துப் பையன், அதிகாரி அல்ல. சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கியவர், 1972ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். ஊருக்குத் திரும்பினார், நாடு அவரை மறந்துவிட்டது. பத்மஸ்ரீ 2018ல் வந்தது. அர்ஜுனா விருது 2025 ஜனவரியில், படம் வெளிவந்த பிறகு, அவருக்கு 80 வயது ஆனபோது கிடைத்தது.